ஆடிட் என்ற பெயரில் லைவ் அக்கவுண்டைப் பூட்டிவிட்டார்கள்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டின் வலிமையைச் சோதிக்க சரியான வழி எது?

பீடோக்_டிபிஏ | திங்கள், இரவு 10:20

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் ஏழு வருடமாக டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) வேலை பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். போன வாரம் வெளியிலிருந்து ஒரு செக்யூரிட்டி டெஸ்டிங் குழு வந்தது. ஒப்பந்தத்தில் "டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வலிமை ஆடிட்" என்று ஒரே ஒரு வரி. அவர்கள் செய்தது என்னவென்றால், ஒரு கருவிக்கு யூசர் பெயர்ப் பட்டியலையும் பாஸ்வேர்ட் பட்டியலையும் கொடுத்து, லைவ் ஆரக்கிள் சர்வரிலேயே லாகின் ஆகிப் பார்த்தார்கள். அதுவும் மதியம் 2 மணிக்கு. பத்தாவது தவறான முயற்சியில் கிடங்கு அப்ளிகேஷனின் அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. ஸ்கேனர்கள் எல்லாம் நின்றுவிட்டன, வாசலில் லாரிகள் வரிசை கட்டின, நான் காரணத்தைக் கண்டுபிடித்து அக்கவுண்டைத் திறக்க 40 நிமிடம் ஆனது.

அதைவிட என்னை உறுத்துவது நேற்று வந்த அறிக்கை. "சோதித்த அக்கவுண்டுகளில் பலவீனமான பாஸ்வேர்ட் எதுவும் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மேலதிகாரிக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் பூட்டிக்கொண்ட அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்ட் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கம்பெனியின் சுருக்கப் பெயரும் ஒரு வருடமும், அவ்வளவுதான். பத்து முயற்சிக்குள் அது அவர்களுக்குச் சிக்கவில்லை, அதனால் "வலிமையானது" என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

எங்களிடம் இருக்கும் டேட்டாபேஸ்கள் ஆரக்கிள் 19சி (10ஜி என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தது), எஸ்கியூஎல் சர்வர் 2016, மைஎஸ்கியூஎல் 5.7, ஒரு போஸ்ட்கிரெஸ் 13. இதை நானே ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சிவப்பு_அணி | திங்கள், இரவு 11:05

பென்டெஸ்ட் வேலையில் (அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது) இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர்கள் செய்ததை ஆடிட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாகினில் முயன்று பார்ப்பது வேறு ஒரு கேள்விக்கான பதில்: வெளியிலிருந்து வருபவன் பூட்டு விழுவதற்குள் உள்ளே நுழைந்துவிடுவானா? பாஸ்வேர்ட் வலிமையானதா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. ஆரக்கிளின் இயல்பான ப்ரொஃபைலில் (அக்கவுண்டுகளுக்கான விதித் தொகுப்பு) 10 தவறுக்குப் பிறகு அக்கவுண்ட் பூட்டும். 10 முயற்சியில் எந்தப் பாஸ்வேர்டைத்தான் அளக்க முடியும்?

வலிமையை அளக்க வேண்டுமென்றால் ஹாஷ்களை (பாஸ்வேர்டுக்குப் பதில் சர்வர் சேமித்து வைக்கும், திருப்பிப் படிக்க முடியாத கணக்கீட்டு வடிவம்) எடுத்து, நெட்வொர்க் இணைப்பே இல்லாத ஒரு கணினியில் வைத்து, ஹாஷ்காட் அல்லது ஜான் தி ரிப்பர் என்ற கருவி கொண்டு உடைத்துப் பார்க்க வேண்டும், அதாவது ஊகச் சொற்களை ஒவ்வொன்றாக ஹாஷாக்கி ஒப்பிட வேண்டும். சர்வருக்கு ஒரு சுமையும் வராது, எந்த அக்கவுண்டும் பூட்டாது, பகல் 2 மணி என்றாலும் கவலையில்லை. சேமித்து வைத்த ஹாஷ் ஒருநாள் திருடு போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பேக்கப் டேப் ஒன்று தொலைந்தாலே ஹாஷ் வெளியே போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு யாரும் உங்கள் சர்வரில் லாகின் ஆக வேண்டிய அவசியமே இல்லை.

உடைக்கத் தொடங்கும் முன் சர்வருக்குள்ளேயே செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல் 5.7-இல் பழைய நேட்டிவ் முறை என்றால் அது எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹாஷ் கணக்கின் மேல் இன்னொரு எஸ்ஹெச்ஏ-1, சால்ட் (ஹாஷாக்கும் முன் ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கலக்கும் தனி எழுத்துக் கோவை) கிடையாது. அதாவது இரண்டு அக்கவுண்டுக்கு ஒரே பாஸ்வேர்ட் இருந்தால் ஹாஷும் ஒன்றாகவே இருக்கும். யூசர் அட்டவணையை ஹாஷ் வாரியாகக் குழுவாக்கி எண்ணிப் பாருங்கள். ஒன்றைக்கூட உடைக்காமலேயே எத்தனை பேர் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பாஸ்வேர்ட் ஹாஷோடு பொருந்துகிறதா என்று பார்க்க பிடபிள்யூடி-கம்பேர் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. எல்லா லாகினுக்கும் காலி பாஸ்வேர்ட், அக்கவுண்ட் பெயரே பாஸ்வேர்ட், இந்த இரண்டை மட்டும் ஒரே கேள்வியில் ஓட்டுங்கள். எஸ்ஏ என்ற தலைமை அட்மின் அக்கவுண்ட் காலி பாஸ்வேர்டோடு கிடந்ததால்தான் 2002 மே மாதம் ஸ்பைடா என்ற வார்ம் (தானாகப் பரவும் நச்சு நிரல்) சர்வர் சர்வராகப் பரவியது. இத்தனை வருடம் கழித்தும் காலி பாஸ்வேர்டை நான் நேரில் பார்க்கிறேன்.

பழைய_ஆரக்கிள்காரர் | செவ்வாய், காலை 7:15

10ஜி-யிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் தம்பி.

ஆரக்கிளின் பழைய ஹாஷ் டிஇஎஸ் என்ற பழைய குறியாக்கத்தின் அடிப்படையிலானது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே அதற்குக் கிடையாது, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித்தான் கணக்கிடும். சால்ட் என்று பார்த்தால் யூசர் பெயர்தான். சிஸ்டம் என்ற யூசர் உலகம் முழுவதும் இருப்பதால் அதற்கு முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகள் எப்போதோ வந்துவிட்டன. 11ஜி-யில் சால்ட் சேர்த்த எஸ்ஹெச்ஏ-1 வந்தது, 12சி-யில் பிபிகேடிஎஃப்2-உம் (ஒரே கணக்கைப் பல சுற்று திரும்பச் செய்து உடைப்பதை மெதுவாக்குவது) எஸ்ஹெச்ஏ-512-உம் சேர்ந்த முறை வந்தது. ஆனால் சர்வரை ஏற்றினால் ஹாஷ் தானாக ஏறாது. சர்வரிடம் பழைய பாஸ்வேர்டே கிடையாது, ஹாஷ் மட்டும்தானே இருக்கிறது, அதை வைத்துப் புதிய ஹாஷை எப்படி உண்டாக்கும்? யாராவது பாஸ்வேர்டை மாற்றும்வரை பழையது அப்படியே கிடக்கும்.

டிபிஏ-யூசர்ஸ் என்ற வியூவில் (சர்வர் காட்டும் அக்கவுண்ட் பட்டியல்) பாஸ்வேர்ட்-வெர்ஷன்ஸ் என்ற பத்தியைப் பாருங்கள். அதில் 10ஜி மட்டும் இருக்கிற அக்கவுண்ட் 19சி-யின் இயல்பான அமைப்பில் லாகினே ஆக முடியாது. உங்களிடம் ஆகிறது என்றால், அப்கிரேட் சமயத்தில் யாரோ "அப்ளிகேஷன் வரவில்லை" என்று அவசரத்தில் எஸ்கியூஎல்நெட் என்ற அமைப்புக் கோப்பில் சர்வர் ஏற்கும் லாகின் பதிப்பை 8 என்று குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது நான் பல இடங்களில் பார்த்த கதை.

10ஜி-யும் 11ஜி-யும் ஒரே அக்கவுண்டில் சேர்ந்து இருந்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். உடைப்பவன் முதலில் 10ஜி-யை உடைத்து எழுத்துகளைத் தெரிந்துகொள்வான், பிறகு எது பெரிய எழுத்து எது சின்ன எழுத்து என்பதை மட்டும் 11ஜி ஹாஷில் மாற்றி மாற்றிப் பார்ப்பான். பலமான ஹாஷின் பக்கத்திலேயே பலவீனமான ஹாஷை வைத்திருந்தால் பலமானதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று. நிறுவும்போது கூடவே வந்த பாஸ்வேர்டிலேயே எந்தெந்த அக்கவுண்ட் இன்னும் இருக்கிறது என்று காட்ட 11ஜி முதல் ஒரு வியூ இருக்கிறது. ஸ்காட் என்ற யூசருக்கு டைகர் என்று பாஸ்வேர்ட் வந்த காலத்து அக்கவுண்டுகள் அதில் வந்து நிற்கும். முதலில் அதை ஓட்டுங்கள், ஒரு நிமிட வேலை.

தேக்கா_தேவ் | செவ்வாய், மதியம் 12:48

டெவலப்பராக ஒரு கேள்வி. நான் பாஸ்வேர்டுக்குத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பயன்படுத்துகிறேன். ஆங்கில அகராதியில் அவை இல்லை என்பதால் பாதுகாப்பு என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இந்த ஆடிட் கருவிகள் எல்லாம் ஆங்கிலச் சொல் பட்டியலை வைத்துத்தானே ஓடுகின்றன? இன்னொரு நண்பர் தமிழ்99 விசைப்பலகையில் தமிழ்ச் சொல்லை அடிப்பதுபோல ஆங்கில விசைகளை அடித்து பாஸ்வேர்ட் வைக்கிறார். பார்க்க ஒரு அர்த்தமும் இல்லாத எழுத்துக் கோவையாக இருக்கும்.

சிவப்பு_அணி | செவ்வாய், மாலை 6:30

தேவ், இந்த நம்பிக்கையை இங்கே நம் ஆட்கள் பலரிடம் பார்க்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பட்டியல்கள் அகராதிகள் அல்ல. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட் வெளியே போனது. ஹாஷ்கூட இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த பட்டியலில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வெவ்வேறு பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. மனிதர்கள் உண்மையில் வைத்தவை என்பதால் அதில் கிருஷ்ணாவும் உண்டு, கணேஷும் உண்டு. தமிழ்ப் பெயர் என்றால் மறைந்துவிடலாம் என்பது நடக்காது.

இரண்டாவது, இந்த ஊரில் ஆடிட் செய்பவர் இந்த ஊருக்கான பட்டியலைத் தானே கட்ட வேண்டும். நான் கட்டியிருக்கும் பட்டியலில் பெருவிரைவு ரயில் நிலையப் பெயர்கள், வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) பேட்டைகளின் பெயர்கள், மலாய்ச் சொற்கள், ஹொக்கியன் சொற்களின் ஆங்கில எழுத்து வடிவங்கள், உணவுப் பெயர்கள், இங்கிலாந்துக் காற்பந்துக் குழுக்கள் எல்லாம் இருக்கின்றன. தமிழுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஏனென்றால் ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் வெறும் எல், நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ, மற்றவர் ஒன்று. அதற்கெல்லாம் விதி எழுதிக் கொடுத்துவிட்டால் கருவி தானாக எல்லா வடிவத்தையும் முயலும். ஒரு சொல்லுக்கு இருபது எழுத்து வடிவம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் சொல்லுக்கு 20 லட்சம்தான். உப்பில்லாத பழைய ஹாஷ்களுக்கு (சால்டைத்தான் சொல்கிறேன்) அது கண் இமைக்கும் நேரம்.

தமிழ்99 யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எழுத்துக்கு எழுத்து மாறாத மாற்றீடு. "அம்மா" என்று அடித்தால் எப்போதும் ஏ, கே, கே, க்யூ என்றுதான் வரும். சொல் பட்டியலை அதே வரைபடத்தின் வழியாக ஓட்டி எடுக்க நான்கு வரி நிரல் போதும், என்னிடம் இருக்கிறது. ஒரே சொல்லை எந்த உடையில் போட்டாலும் அது ஒரே சொல்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை உண்மையிலேயே குலுக்கிப் போட்டு எடுத்து வையுங்கள், தமிழ்ச் சொல்லாகவே இருக்கட்டும், அப்போது அதற்கு நீளம் பலம் கொடுக்கும். அப்ளிகேஷன் அக்கவுண்டுக்கு அதுகூட வேண்டாம். யாரும் அதைத் தட்டச்சு செய்யப் போவதில்லை, 30 எழுத்துக்குக் குறையாமல் கருவியே உருவாக்கட்டும்.

ஈசூன்_இணக்கம் | செவ்வாய், இரவு 9:10

நான் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இந்த ஊருக்கே உரிய ஒரு ஓட்டையை யாரும் இன்னும் சொல்லவில்லை: அடையாள அட்டை எண்.

முன்னால் ஒரு எழுத்து, நடுவில் ஏழு இலக்கம், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது, ஆகவே அது ரகசியத்தில் சேராது. 2000-க்கு முன் பிறந்தவர்களுக்கு முன்னெழுத்து எஸ். மிஞ்சுவது 1 கோடி சாத்தியம். 1968-இலிருந்து பிறந்த குடிமக்களுக்கு முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு என்பதால், ஆளின் வயது தெரிந்தாலே 1 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. கைபேசி எண்ணும் அப்படித்தான், 8 அல்லது 9-இல் தொடங்கும் எட்டு இலக்கம், மொத்தம் 2 கோடிக்குள். சிவப்பு_அணி, இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 ஜூனில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, அடையாள அட்டை எண்ணை வைத்து ஆளை உறுதிசெய்யவோ பாஸ்வேர்டாக வைக்கவோ கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுரை கொடுத்தன. அதைப் படித்த பலர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பைப் பற்றி மட்டும்தான் யோசித்தார்கள். டேட்டாபேஸ் அக்கவுண்டில் அது உட்கார்ந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும், என் அம்மாவின் விவரமும் அதில் போனது, குறுஞ்செய்தி வந்த அன்று அவர் என்னிடம் வந்து "இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டார், என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது. அதில் ஒரு சர்வரின் உள்ளூர் அட்மின் அக்கவுண்டுக்கு வைத்திருந்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? "பாஸ்வேர்ட்" என்ற ஆங்கிலச் சொல்லேதான், ஏ-க்குப் பதில் @, ஓ-க்குப் பதில் 0. தகவல் பாதுகாப்பு ஆணையம், சிங்ஹெல்த்தின் ஐடி-யைப் பார்த்துக்கொண்ட ஐஹெச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. அந்தத் தாக்குதல் அந்த ஒரு பாஸ்வேர்டால் மட்டும் நடந்தது என்று நான் சொல்லவில்லை, வேறு பல ஓட்டைகளும் இருந்தன. ஆனால் அந்த ஒன்றை அரை நாள் ஆடிட் பிடித்திருக்கும்.

பீடோக்_டிபிஏ, ஒரு முக்கியமான விஷயம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஹாஷைத் தொடாதீர்கள். நீங்கள் டிபிஏ என்பதால் அந்த அட்டவணையைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், சக ஊழியரின் பாஸ்வேர்டை உடைக்கும் உரிமை அதோடு சேர்ந்து வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கும். எந்த சர்வர், எந்தத் தேதி, எந்தக் கணினியில் உடைப்பது, ஹாஷ் கோப்பு எப்போது அழிக்கப்படும், பாஸ்வேர்டை யார் பார்க்கலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஐடி தலைவரிடமும் மனிதவளத்திடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளியாட்களை வைத்துச் செய்தால் அவர்களிடம் பென்டெஸ்ட் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், 2022 ஏப்ரல் 11 முதல் அந்தச் சேவையை விற்பவர்களுக்கு இங்கே உரிமம் வேண்டும்.

சிவப்பு_அணி | செவ்வாய், இரவு 9:52

1 கோடி சாத்தியம் என்றால் எஸ்கியூஎல் சர்வர் 2016 ஹாஷுக்கு ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு நொடிகூட ஆகாது. 2012 முதல் 2022 வரை அது சால்ட் சேர்த்த எஸ்ஹெச்ஏ-512 தான், ஆனால் ஒரே ஒரு சுற்று. 2025 பதிப்பில்தான் 1 லட்சம் சுற்று பிபிகேடிஎஃப்2 வந்தது. போஸ்ட்கிரெஸின் ஸ்கிராம் முறை 4096 சுற்று, மைஎஸ்கியூஎல் 8-இன் புதிய முறை 5000 சுற்று. இவை உடைப்பவனை ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக்கும், ஆனால் 1 கோடி என்ற சின்ன எண்ணுக்கு அதுவும் காப்பாற்றாது, நிமிடக் கணக்குதான்.

போஸ்ட்கிரெஸ் 13 வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. ஸ்கிராம் இயல்பானதாக வந்தது 14-இல்தான், உங்களிடம் பெரும்பாலும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் இருக்கும், அதன் சால்ட் ரோலின் (போஸ்ட்கிரெஸில் அக்கவுண்டை அப்படித்தான் சொல்வார்கள்) பெயர். அதில் இன்னொரு ஆபத்து, எம்டி5 முறையில் லாகின் ஆக அந்த ஹாஷே போதும், பாஸ்வேர்டை உடைக்கவே வேண்டாம். அமைப்பை ஸ்கிராமுக்கு மாற்றினாலும் ஒவ்வொரு ரோலுக்கும் பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தால்தான் ஹாஷ் மாறும். வைக்கும்போது நேரடியாக ஆல்டர் கட்டளையில் எழுதாதீர்கள், அது சர்வர் லாகில் அப்படியே பதிவாகலாம். பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியில் இருக்கும் பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

நள்ளிரவு_ஷிப்ட் | புதன், அதிகாலை 3:40

எங்கள் இடத்தில் 90 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று விதி. பாஸ்வேர்ட் பழசானால்தானே உடைப்பான், மாற்றிக்கொண்டே இருந்தால் உடைப்பதற்குள் மாறிவிடுமே? இந்த ஹாஷ் உடைக்கிற வேலை எல்லாம் எதற்கு?

பழைய_ஆரக்கிள்காரர் | புதன், காலை 7:05

90 நாள் விதி இருந்த ஒரு இடத்தில் நான் ஆடிட் செய்திருக்கிறேன். ஆரக்கிளில் பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைக்கக்கூடாது என்று ப்ரொஃபைலில் தடை வைத்தால், பழைய ஹாஷ்களைத் தனி அட்டவணையில் சேர்த்து வைக்கும். அனுமதியோடு அதையும் உடைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் மாதப் பெயரையோ கடைசி எண்ணையோ மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு பழைய பாஸ்வேர்ட் தெரிந்தால் இன்றைய பாஸ்வேர்டைக் கையால் எழுதிவிடலாம். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே கசிந்ததற்கான அடையாளம் இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. 2025-இல் வந்த புதிய பதிப்பு பாஸ்வேர்ட் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. மனிதர்களை அடிக்கடி மாற்றச் சொல்லிச் சொல்லி நாமே அவர்களை இப்படி எழுதப் பழக்கிவிட்டோம் என்பது என் கருத்து, இதில் எனக்கு வருத்தம் உண்டு, நானும் அந்த விதியைப் பல வருடம் அமல்படுத்தியவன்.

பீடோக்_டிபிஏ | 18 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. அனுமதிக் கடிதத்தை ஈசூன்_இணக்கம் சொன்ன மாதிரியே ஒரு பக்கத்தில் எழுதினேன், மனிதவளத்துக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. இணைப்பில்லாத ஒரு கணினி, டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்தது, நானும் உள் ஆடிட்டர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே 186 அக்கவுண்டில் 47 திறந்துவிட்டன. ஆனால் அந்த எண்ணை அறிக்கையின் தலைப்பில் போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். 47-இல் 30-க்கு மேல் யாரும் தொடாத படிக்கும் உரிமை மட்டும் உள்ள அக்கவுண்டுகள். உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தவை நான்கைந்துதான்.

கிடங்கு அக்கவுண்ட் 10ஜி ஹாஷ் மட்டும் வைத்திருந்தது, லாகின் பதிப்பு 8-இல்தான் இருந்தது, பழைய_ஆரக்கிள்காரர் சொன்னது அப்படியே. கம்பெனியின் பெயர்களைச் சேர்த்த பட்டியலில் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டது. எஸ்கியூஎல் சர்வரில் பேக்கப் எடுக்கும் லாகினுக்குப் பெயரே பாஸ்வேர்ட், அதற்கு முழு அட்மின் உரிமை. மைஎஸ்கியூஎல்-இல் குழுவாக்கி எண்ணியபோது ஒரே ஹாஷ் 14 அக்கவுண்டில். அந்த அட்டவணையைத் திரையில் பார்த்ததும் ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார். அடையாள அட்டை எண்ணும் ஒன்று வந்தது. அந்த ஊழியரிடம் தனியாகப் பேசி அங்கேயே மாற்ற வைத்தேன், அவர் பெயர் அறிக்கையில் இல்லை.

அறிக்கையில் ஒரு பாஸ்வேர்டும் எழுதவில்லை. அக்கவுண்ட், அதன் உரிமை, ஏன் விழுந்தது (பெயரும் பாஸ்வேர்டும் ஒன்று, கம்பெனிச் சொல்லும் வருடமும், பகிர்ந்த பாஸ்வேர்ட்), எவ்வளவு நேரத்தில், அவ்வளவுதான். ஹாஷ் கோப்பையும் கருவி சேர்த்து வைத்த உடைந்த பாஸ்வேர்ட் கோப்பையும் இரண்டு பேரும் பார்க்க அழித்தோம்.

மற்றதையெல்லாம் மாற்றிவிட்டோம். கிடங்கு அக்கவுண்ட்தான் பாக்கி. சனி அதிகாலை 1 முதல் 3 வரை அனுமதி கிடைத்திருக்கிறது.

பழைய_ஆரக்கிள்காரர் | ஞாயிறு, இரவு 8:12

நல்ல வேலை தம்பி. பாஸ்வேர்டை மாற்றும் முன் அப்ளிகேஷனின் கனெக்‌ஷன் பூலை (சர்வரோடு அது திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) முழுவதும் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பூல் பழைய பாஸ்வேர்டோடு விடாமல் முயலும், அதே பத்து முறைக் கணக்கில் நீங்களே பூட்டிக்கொள்வீர்கள். 19.12 முதல் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்து செல்லும் வசதி இருக்கிறது, ஆனால் 10ஜி மட்டும் உள்ள அக்கவுண்டுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். ஜேடிபிசி டிரைவர் (அப்ளிகேஷனை ஆரக்கிளோடு இணைக்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் முதலில் அதை மாற்றிச் சோதித்துவிட்டு, பிறகு லாகின் பதிப்பை 12ஏ ஆக்குங்கள். மாற்றிய பிறகு தவறான லாகின் பதிவுகளை, பிழை எண் 1017, கண்ணெடுக்காமல் பாருங்கள். அந்தப் பாஸ்வேர்ட் வேறு எங்கெல்லாம் எழுதிக் கிடக்கிறது என்பதை அந்தப் பதிவு காட்டும்.

பீடோக்_டிபிஏ | சனி, அதிகாலை 3:25

முடிந்தது. பூலை நிறுத்தி, மாற்றி, 1:40-க்குத் திரும்ப ஏற்றினோம், ஸ்கேனர்கள் வந்தன, பாஸ்வேர்ட்-வெர்ஷன்ஸ் பத்தியில் இப்போது 12சி மட்டும் இருக்கிறது.

பிறகு நீங்கள் சொன்ன பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2:10-க்கு ஒரு 1017. அடுத்த நிமிடம் இன்னொன்று. ஒரே கணினியிலிருந்து, நிமிடத்துக்கு ஒன்று. அந்தக் கணினியின் பெயர் எங்கள் பட்டியல் எதிலும் இல்லை. ஆறாவது பதிவு வந்தபோது நெட்வொர்க் ஆளை எழுப்பி அதன் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன், பத்துக்கு இன்னும் நான்கே பாக்கி. மூன்றாம் தளத்தில் லேபிள் பிரிண்டர் பக்கத்தில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. 2016-இல் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அதில் பழைய பாஸ்வேர்ட் வெறும் எழுத்தில், அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் தளம் முழுவதும் திறந்து பார்க்கலாம்.

அதற்குத் தனி அக்கவுண்ட் ஒன்று உருவாக்கி, லேபிள் அட்டவணையை மட்டும் படிக்கும் உரிமை கொடுத்து, ஃபோல்டரை மூடிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். திங்கட்கிழமை மற்ற தளங்களிலும் இப்படி எத்தனை இருக்கின்றன என்று தேடப் போகிறோம்.